சுதந்திர இந்தியாவில் மவுண்ட்பேட்டனின் பத்து மாதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு வகுப்பில் நவீன இந்திய வரலாறு எடுக்கிறேன். 1947 ஆகஸ்ட் 15 வரைக்கும் பாடம் சுமுகமாகப் போகும். அடுத்த பக்கத்தில் மவுண்ட்பேட்டன் பெயர் மறுபடியும் வந்ததும் வரிசையாகக் கைகள் உயரும். வகுப்பில் கேட்டது, டீக்கடையில் கேட்டது, பெற்றோர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்டது எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் போட்டிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

என் நிலைப்பாடு எது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்து மாதம் அவர் கையில் இருந்தது இரவல் அதிகாரம். கொடுத்தவர்கள் நேருவும் படேலும். எந்த விஷயத்தில் கொடுத்தார்கள், எதில் கொடுக்கவில்லை என்று பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1. சார், சுதந்திரம் வாங்கின பிறகும் ஒரு வெள்ளைக்காரர் எப்படி கவர்னர் ஜெனரலா இருந்தார்? அப்போ அது என்ன சுதந்திரம்?

1947 ஆகஸ்ட் 15 அன்று இந்தியா குடியரசு ஆகவில்லை, டொமினியன் ஆனது. கனடா, ஆஸ்திரேலியா போல. ஆட்சி முழுக்க நம் அமைச்சரவையின் கையில். ஆனால் பெயரளவில் நாட்டின் தலைவர் ஆறாம் ஜார்ஜ் மன்னர். அவர் சார்பில் டெல்லியில் இருப்பவர்தான் கவர்னர் ஜெனரல். 1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ராஜேந்திர பிரசாத் குடியரசுத் தலைவர் ஆகும் வரை இதுதான் ஏற்பாடு.

புது அரசியலமைப்பை எழுதி முடிக்கும் வரை நாடு சட்டமே இல்லாமல் நிற்க முடியாது. அதனால் 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தையே வெட்டி ஒட்டித் தற்காலிகமாக ஓட்டினார்கள். அப்படி வெட்டியதில் முக்கியமானது கவர்னர் ஜெனரலின் தன்விருப்ப அதிகாரம். ஆகஸ்ட் 14 வரை வைஸ்ராயாக இருந்தவர் அமைச்சர்கள் சொன்னதைத் தள்ளிவிடலாம். மறுநாள் அதே மனிதர், அதே மாளிகை. ஆனால் அமைச்சர்கள் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

2. கடைசி வைஸ்ராயும் அவர்தான், முதல் கவர்னர் ஜெனரலும் அவர்தானா? பரீட்சையில எதை எழுதறது?

கேள்வியில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதை ஒன்றுக்கு இரண்டு தடவை படியுங்கள். வங்காளத்தின் முதல் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ். 1833 பட்டயச் சட்டத்தின்படி இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் வில்லியம் பெண்டிங்க். 1858இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து மகாராணியின் கைக்குப் போனபோது முதல் வைஸ்ராய் கானிங். கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன். சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரலும் அவரே. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியரும் கடைசி ஆளும் ராஜாஜி. ஐந்து விடையிலும் ‘முதல்’ என்ற சொல் வரும், அங்கேதான் மார்க் போகும்.

3. அவரை யார் நியமிச்சது? நாம கேட்டோமா, அவங்க திணிச்சாங்களா?

நாம்தான் கேட்டோம். கையெழுத்து மன்னருடையது; ஆனால் இருக்கச் சொன்னது காங்கிரஸ் தலைமை. பிரிவினைத் திட்டம் பேச்சில் இருந்த மே மாதத்திலேயே, இடைக்காலத்துக்கு இரண்டு நாடுகளுக்கும் பொதுவாக ஒரே கவர்னர் ஜெனரல் இருக்கலாம், அது இவராகவே இருக்கலாம் என்று நேரு எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தார்.

அரசியல் நிர்ணய சபையின் ஆகஸ்ட் 14 நள்ளிரவுக் கூட்டம் என்றால் எல்லோருக்கும் நேருவின் பேச்சுதான் ஞாபகம் வரும். அதே கூட்டத்தில் ராஜேந்திர பிரசாத் இன்னொன்றையும் முன்வைத்தார். நாட்டின் ஆட்சிப் பொறுப்பை இந்தச் சபை ஏற்றுக்கொண்டது என்பதையும், ஆகஸ்ட் 15 முதல் மவுண்ட்பேட்டன் கவர்னர் ஜெனரலாக இருக்க வேண்டும் என்ற பரிந்துரையைச் சபை ஏற்கிறது என்பதையும் வைஸ்ராய்க்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அது. சபை ஏற்றுக்கொண்டது. பிரசாத்தும் நேருவும் அந்த நேரத்திலேயே மாளிகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார்கள். அமைச்சர்கள் பட்டியல் இருப்பதாகச் சொல்லி நேரு ஓர் உறையை நீட்டினாராம். அவர்கள் போன பிறகு பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லையாம். அவசரத்தில் வெறும் உறை வந்துவிட்டது என்பார்கள். காலை தர்பார் மண்டபத்தில் முதலில் அவர் பதவியேற்றார், பிறகு நேருவுக்கும் மற்ற அமைச்சர்களுக்கும் அவரே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார்.

4. பாகிஸ்தானுக்கும் அவரே இருந்திருக்கலாமே? ஜின்னா ஏன் ஒத்துக்கலை?

சட்டத்தில் அதற்கு வழி வைத்திருந்தார்கள். இந்திய சுதந்திரச் சட்டம் ஒரே ஆள் இரண்டு டொமினியன்களுக்கும் கவர்னர் ஜெனரலாக இருக்கலாம் என்றே சொல்கிறது. மவுண்ட்பேட்டனும் அப்படித்தான் நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார். 1947 ஜூலை 2 அன்று, பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் நான்தான் என்று ஜின்னா சொல்லிவிட்டார். ஊருக்குக் கிளம்பிவிடலாமா என்று இவர் தடுமாறினார். பிரிட்டிஷ் பிரதமர் அட்லியும் காங்கிரஸ் தலைவர்களும் இந்தியாவுக்காவது இருங்கள் என்று இருத்தினார்கள்.

ஜின்னா பக்கத்திலும் நியாயம் உண்டு. புதிதாகப் பிறக்கும் நாட்டின் உச்சியில் டெல்லியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் இருந்தால் அது தனி நாடு என்று யார் நம்புவார்கள்? ஆனால் இதன் விளைவு பெரியது. ஜூலை வரை இரு தரப்புக்கும் நடுவராக இருந்தவர் ஆகஸ்டில் ஒரு தரப்பின் ஆளாகிவிட்டார். பிறகு அவர் எதைச் செய்தாலும் லாகூரிலும் கராச்சியிலும் அதை இந்தியாவின் கவர்னர் ஜெனரல் செய்ததாகத்தான் பார்த்தார்கள்.

5. ஆகஸ்ட் 15 தேதியைக் குறிச்சதும் அவர்தானாமே?

ஆமாம். பிரிட்டிஷ் அரசு கொடுத்திருந்த கெடு 1948 ஜூன். அதைப் பத்து மாதம் முன்னுக்கு இழுத்தது இவர். தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் நேசநாடுகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர். ஜப்பான் சரணடைந்த நாளின் இரண்டாம் ஆண்டு நிறைவு அது. ஜோதிடர்கள் நாள் நன்றாக இல்லை என்றார்கள், சபை 14ஆம் தேதி இரவே கூடியது. இவ்வளவு அவசரம் தேவையா என்பது வேறு கேள்வி. தேவையில்லை என்பது என் எண்ணம். 16ஆம் கேள்வியைப் பாருங்கள்.

6. செங்கோலை மவுண்ட்பேட்டன்தானே நேரு கையில கொடுத்தார்?

2023இல் புதிய நாடாளுமன்றம் திறந்ததிலிருந்து வாரம் ஒருவராவது இதைக் கேட்கிறார்கள். திருவாவடுதுறை ஆதீனத்திலிருந்து வந்தவர்கள் 1947 ஆகஸ்ட் 14 இரவு யார்க் சாலையில் இருந்த நேருவின் வீட்டில் செங்கோலைக் கொடுத்தது உண்மை. சென்னை உம்மிடி பங்காரு செட்டி கடையில் செய்தது. பிறகு பல ஆண்டுகள் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருந்தது. இதில் எல்லாம் சண்டை இல்லை.

சண்டை மவுண்ட்பேட்டன் வரும் பகுதியில்தான். ஆட்சி மாற்றத்துக்கு அடையாளமாக என்ன செய்யலாம் என்று அவர் நேருவிடம் கேட்டார், நேரு ராஜாஜியைக் கேட்டார், செங்கோல் முதலில் மவுண்ட்பேட்டன் கைக்குப் போய்த் திரும்ப வந்தது என்கிறார்கள். இதற்கு அந்தக் காலத்து ஆவணம் என்று எதையும் யாரும் காட்டவில்லை. அன்று காலை அவர் கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் பேசிக்கொண்டிருந்தார். அதன் பிறகுதான் டெல்லி திரும்பினார். செங்கோல் நேருவுக்குப் பரிசாக வந்தது என்பது வரை எழுதுங்கள், அதற்கு மேல் எழுத வேண்டாம்.

7. அவருக்கு உண்மையில அதிகாரம் இருந்துச்சா, இல்ல ரப்பர் ஸ்டாம்பா?

சட்டப்படி ரப்பர் ஸ்டாம்ப். முதல் பதிலில் சொன்னது போல அமைச்சரவையின் ஆலோசனைதான் இறுதி. அமைச்சரவைக் கூட்டத்துக்கு அவர் தலைமை தாங்கவில்லை. இதே நேரத்தில் கராச்சியில் ஜின்னா கவர்னர் ஜெனரலாகவும் அரசியல் நிர்ணய சபைத் தலைவராகவும் ஒருசேர இருந்தார், அங்கே பிரதமரைவிட அவர் சொல்லுக்குத்தான் எடை. பதவியின் பெயர் ஒன்றுதான், நடைமுறை நேர் எதிர்.

ஆனால் நடைமுறையில் இரண்டு நாற்காலிகளை நம்மவர்களே அவருக்குப் போட்டுக் கொடுத்தார்கள். ஒன்று 1947 செப்டம்பரில் அமைத்த நெருக்கடிக் குழுவின் தலைமை. இன்னொன்று அமைச்சரவையின் பாதுகாப்புக் குழுவின் தலைமை. போர் நடத்திப் பழகிய ஆள், பெரிய நிர்வாகத்தை ஓட்டிய ஆள் என்பது காரணம். நேருவும் படேலும் எதிரெதிராக நின்ற நேரங்களில் இருவருமே மனம்விட்டுப் பேசக்கூடிய மூன்றாம் ஆளாக அவர் இருந்தார் என்பதும் காரணம். அவரது செல்வாக்கைத் தேடுபவர்கள் கவர்னர் ஜெனரல் பதவியில் தேடக்கூடாது, இந்த இரண்டு குழுக்களில் தேட வேண்டும்.

8. கலவரம் கை மீறினப்போ நேருவும் படேலும் ஆட்சியையே அவர்கிட்ட திருப்பிக் கொடுத்துட்டாங்கன்னு ஒரு வீடியோவில பார்த்தேன். நிஜமா?

பாதி நிஜம். செப்டம்பர் முதல் வாரம் டெல்லியே பற்றி எரிந்தது. பஞ்சாபிலிருந்து வந்த இந்து, சீக்கிய அகதிகள் ஒரு பக்கம். வீட்டை விட்டு ஓடிப் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் அடைந்து கிடந்த முஸ்லிம்கள் மறு பக்கம். மவுண்ட்பேட்டன் சிம்லாவில் ஓய்வில் இருந்தார். உடனே கிளம்பி வாருங்கள் என்று போன் போட்டவர் சமஸ்தானத் துறைச் செயலாளர் வி.பி. மேனன். செப்டம்பர் 5 அன்று வந்தார். நேருவும் படேலும் போய்ப் பார்த்தார்கள். நெருக்கடிக் குழு ஒன்று அமைப்பது, அதற்கு அவர் தலைமை தாங்குவது என்று முடிவாகி மறுநாளே முதல் கூட்டம் நடந்தது.

மாளிகையில் ஓர் அறையைப் போர்க்காலத் தலைமையகம் போல வரைபட அறையாக மாற்றினார்கள். எந்த அகதி அணி எங்கே நகர்கிறது, எந்த ரயில் எங்கே நிற்கிறது என்று சுவர் வரைபடத்தில் ஊசி குத்திப் பார்த்தார்கள். ரயில் காவல், அகதி முகாமுக்குச் சோறு, காலரா தடுப்பு, தெருவில் கிடந்த பிணங்களை அப்புறப்படுத்துவது என்று குழு கவனித்தது எல்லாம் இந்த ரகம். அமைச்சரவை கலையவில்லை; பிரதமர் பிரதமராகவே இருந்தார்; குழுவின் முடிவை நிறைவேற்றியது நம் அமைச்சர்களும் அதிகாரிகளும்தான். ஆட்சியையே ஒப்படைத்தார்கள் என்கிற நாடகப் பதிப்பு பெரும்பாலும் மவுண்ட்பேட்டனே பிற்காலத்தில் பேட்டிகளில் சொன்னது. தன் கதையைத் தானே சொல்வதில் அவருக்கு ரொம்ப ஆசை. அந்தத் தள்ளுபடியோடு கேட்க வேண்டும்.

9. சமஸ்தானங்களைச் சேர்த்தது படேல்னு படிச்சோம். இவர் பேரு எங்கிருந்து வந்துச்சு?

படேல் அமைச்சர், வி.பி. மேனன் செயலாளர், மவுண்ட்பேட்டன் முகம். 560க்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள். அந்த மன்னர்களுக்குக் காங்கிரஸ்காரர்கள் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் விக்டோரியா மகாராணியின் கொள்ளுப் பேரன், நடப்பு மன்னரின் உறவினர் வந்து சொன்னால் காது கொடுப்பார்கள். 1947 ஜூலை 25 அன்று மன்னர்கள் மன்றத்தில் பேசிப் பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு மூன்றை மட்டும் கொடுத்துவிட்டு இணையுங்கள் என்றார். இது வைஸ்ராயாக அவர் செய்த வேலை, சுதந்திரத்துக்கு முன்னால்.

திருவிதாங்கூர் இதற்கு நல்ல உதாரணம். அங்கே திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஜூனிலேயே தனி நாடு என்று அறிவித்துவிட்டார். ஜூலையில் டெல்லிக்கு அழைத்து மவுண்ட்பேட்டன் நயமாகவும் கறாராகவும் பேசிப் பார்த்தார். சி.பி. ஊர் திரும்பியதும் ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு இசை நிகழ்ச்சியில் வெட்டுப்பட்டார். சில நாளில் மகாராஜா இணைவதாகத் தந்தி கொடுத்தார். மவுண்ட்பேட்டனின் பேச்சா, அந்த வெட்டா, எது வேலை செய்தது என்று கேட்டால் மக்கள் கிளர்ச்சியையும் சேர்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

10. காஷ்மீர்ல பொது வாக்கெடுப்புன்னு எழுதிக் கொடுத்து மாட்டிவிட்டது இவர்தானே?

1947 அக்டோபர் 22 அன்று பழங்குடிப் படை முசாபராபாத் வழியாக உள்ளே புகுந்தது. காஷ்மீர் மகாராஜா ஹரி சிங் இந்தியாவிடம் படை கேட்டார். 25ஆம் தேதி பாதுகாப்புக் குழு கூடியது, தலைமை மவுண்ட்பேட்டன் (7ஆம் பதில்). அங்கே அவர் பிடித்த பிடி, இணையாத நாட்டுக்குப் படை அனுப்பினால் நாமும் அந்நியர்தான், முதலில் இணைப்பு, பிறகு படை என்பது. மேனன் பறந்து போனார். மகாராஜாவின் கையெழுத்து அக்டோபர் 26 தேதியிட்டது. 27 அன்று மவுண்ட்பேட்டன் ஏற்றார், அன்று காலையே சீக்கிய ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் ஸ்ரீநகரில் இறங்கியது.

இங்கே இரண்டு தாள்கள். இணைப்புப் பத்திரத்தின் அடியில் இருக்கும் ஏற்பு, இந்த இணைப்பை ஏற்கிறேன் என்று ஒற்றை வரி. நிபந்தனை எதுவும் கிடையாது. அதே நாளில் மகாராஜாவுக்கு எழுதிய தனிக் கடிதத்தில்தான், ஊடுருவியவர்கள் வெளியேறி அமைதி திரும்பிய பிறகு இணைப்புப் பிரச்சினை மக்களைக் கேட்டு முடிவாகும் என்று வருகிறது. கையெழுத்து அவருடையது. யோசனையிலும் அவர் பங்கு பெரியது. ஆனால் இது அமைச்சரவைக்குத் தெரியாமல் நழுவவிட்ட கடிதம் இல்லை. நேரு நவம்பர் 2 அன்று வானொலியில் அதையே நாட்டுக்குச் சொன்னார். நவாப் பாகிஸ்தானோடு இணைந்துவிட்ட ஜூனாகத் சமஸ்தானத்தில் மக்களைக் கேட்க வேண்டும் என்று நாமே வாதாடிக்கொண்டிருந்த நேரம் அது; காஷ்மீரில் மாற்றிப் பேச வாய் வராது.

நவம்பர் 1 அன்று லாகூரில் ஜின்னாவைப் போய்ப் பார்த்தார். நாம் இரண்டு கவர்னர் ஜெனரல்களும் முழு அதிகாரம் எடுத்துக்கொண்டு காஷ்மீரை நிர்வகித்து வாக்கெடுப்பு நடத்துவோம் என்றார் ஜின்னா. என்னால் முடியாது, நான் என் அமைச்சரவையைக் கேட்க வேண்டும் என்றார் இவர். 7ஆம் பதிலில் சொன்ன வித்தியாசம் ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான்.

11. ரெண்டு ராணுவத்துக்கும் வெள்ளைக்காரத் தளபதிகள்னா யார் யாரோட சண்டை போட்டாங்க?

நல்ல கேள்வி, பலருக்குத் தோன்றுவதில்லை. இந்தியத் தரைப்படைக்கு முதலில் லாக்ஹார்ட், 1948 ஜனவரியிலிருந்து ராய் புச்சர். பாகிஸ்தானில் மெசர்வி, பிறகு கிரேசி. இரண்டுக்கும் மேலே பிரிவினை வேலையைக் கவனிக்க ஆக்கின்லெக், 1947 நவம்பர் வரை. இரண்டு டொமினியன்களும் போரில் இறங்கினால் பிரிட்டிஷ் அதிகாரிகள் எல்லோரும் இரு பக்கமும் விலகிக்கொள்ள வேண்டும் என்று லண்டன் கட்டளை இருந்தது.

இது சும்மா தாளில் இருந்த கட்டளை அல்ல. அக்டோபர் 27 இரவு ஜின்னா காஷ்மீருக்குள் படையை அனுப்பச் சொன்னார்; பொறுப்புத் தளபதியாக இருந்த கிரேசி, ஆக்கின்லெக்கைக் கேட்காமல் முடியாது என்றார். மறுநாள் ஆக்கின்லெக் லாகூருக்குப் பறந்து வந்து பிரிட்டிஷ் அதிகாரிகள் மொத்தமாக விலகிவிடுவார்கள் என்றதும் ஜின்னா உத்தரவைத் திரும்பப் பெற்றார். அந்தக் கயிறு நம் கழுத்திலும்தான் கிடந்தது. போர் விரியாமல் பார்த்துக்கொள்வதில் லண்டனுக்கு இருந்த அக்கறை பாதுகாப்புக் குழுத் தலைவருக்கும் இருந்தது. அவர் இந்தியாவுக்கு உண்மையாக இருந்தாரா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அவருக்கு இரண்டு விசுவாசங்கள் இருந்தன; பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒரே திசையில் இழுத்தன, டிசம்பரில் இழுக்கவில்லை.

12. டிசம்பர்ல என்ன நடந்துச்சு? ஐ.நா.வுக்கு இழுத்துட்டுப் போனது அவரா?

ஊடுருவல்காரர்கள் கிளம்பி வரும் பாகிஸ்தான் பகுதித் தளங்களையே அடிக்க வேண்டும் என்று டிசம்பரில் டெல்லியில் பேச்சு வந்தது. அப்படிப் போனால் முழுப் போர். மவுண்ட்பேட்டன் விடாமல் ஐ.நா. ஐ.நா. என்றார். படேலுக்கு அதில் நம்பிக்கை இல்லை. நேரு தயங்கிப் பிறகு சம்மதித்தார். 1948 ஜனவரி 1 அன்று புகார் பாதுகாப்பு அவைக்குப் போனது. வழக்கை வாதாட அனுப்பியவர் தஞ்சாவூர்ப் பக்கத்து என். கோபாலசாமி ஐயங்கார், அவர் முன்பு காஷ்மீரின் பிரதமராகவே இருந்தவர். அங்கே போனதும் ஊடுருவல் பற்றிய நம் புகார் ‘இந்தியா - பாகிஸ்தான் பிரச்சினை’ ஆகிவிட்டது.

யோசனைக்கு அழுத்தம் கொடுத்தது அவர், முடிவெடுத்தது நேருவின் அரசு. இரண்டையும் எழுதினால்தான் பதில் முழுமை. இன்னொன்று: போர்நிறுத்தத்தையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். போர்நிறுத்தம் 1949 ஜனவரி 1. அவர் இந்தியாவை விட்டே கிளம்பிப் போய் ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

13. 55 கோடி விஷயத்துல காந்தியைத் தூண்டிவிட்டது இவரா?

பிரிவினைக் கணக்கில் ரொக்கக் கையிருப்பிலிருந்து பாகிஸ்தானுக்கு 75 கோடி ரூபாய் ஒப்புக்கொண்டோம். 20 கோடி முன்பே போய்விட்டது. மிச்சம் 55. காஷ்மீரில் சண்டை நடக்கும்போது அதைக் கொடுத்தால் நம் மேலேயே குண்டாக வரும் என்று அமைச்சரவை நிறுத்தி வைத்தது. 1948 ஜனவரி 12 அன்று காந்தி மவுண்ட்பேட்டனைப் பார்த்து அபிப்பிராயம் கேட்டார். ஒப்புக்கொண்டதைக் கொடுக்காமல் இருப்பது கௌரவம் இல்லை என்று அவர் சொன்னார். 13 அன்று உண்ணாவிரதம் தொடங்கியது, 15 அன்று அரசு பணத்தை விடுவித்தது.

ஆனால் உண்ணாவிரதத்தை முடிக்கக் காந்தி வைத்த நிபந்தனைகளை எடுத்துப் பாருங்கள். எல்லாம் டெல்லி முஸ்லிம்களின் பாதுகாப்பு, மசூதிகளைத் திருப்பிக் கொடுப்பது போன்றவை. 55 கோடி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அமைச்சரவையின் முடிவு தவறு என்று கவர்னர் ஜெனரல் வெளியாளிடம், அது காந்தியாகவே இருந்தாலும், சொல்லலாமா என்பதுதான் இங்கே சரியான சர்ச்சை. மரபுப்படி சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

14. சார், நேருவும் எட்வினாவும்...

எட்வினா மவுண்ட்பேட்டனின் மனைவி. நேருவோடு நெருங்கிய நட்பு, எட்வினா இறக்கும் வரை தொடர்ந்த கடிதங்கள். அதனால் எந்த அரசு முடிவு மாறியது என்று கேட்டால் யாராலும் ஒன்றைக் காட்ட முடியவில்லை. அகதிகள் நிவாரணத்துக்கான ஐக்கியக் குழுவை நடத்திக் குருக்ஷேத்திரம் போன்ற முகாம்களில் அந்த அம்மையார் சுற்றி வேலை பார்த்ததை யாரும் கேட்பதில்லை. அடுத்த கேள்வி.

15. அவர் போனதுக்கு அப்புறம் ராஜாஜி எப்படி வந்தார்? ஹைதராபாத்தை அவர் ஏன் முடிக்காமப் போனார்?

ராஜாஜி முதலில் வந்தது 1947 நவம்பரில். எலிசபெத் இளவரசி - பிலிப் திருமணத்துக்காக மவுண்ட்பேட்டன் லண்டன் போனபோது (பிலிப் அவர் அக்காள் மகன்), மேற்கு வங்க ஆளுநராக இருந்த ராஜாஜி இரண்டு வாரம் பொறுப்பு வகித்தார். 1948 ஜூன் 21 முதல் நிரந்தரமாக. மறுநாளே, ஜூன் 22 அன்று, பிரிட்டிஷ் மன்னரின் பட்டங்களிலிருந்து ‘இந்தியாவின் பேரரசர்’ என்பதும் போனது. டெல்லி மாறிவிட்டது என்பதற்காக எல்லா இடமும் மாறிவிட்டதாக நினைக்க வேண்டாம். சென்னையில் ஓமந்தூரார் முதலமைச்சராக இருந்தபோது ஆளுநர் ஆர்ச்சிபால்ட் நை என்ற ஆங்கிலேயர்தான், 1948 செப்டம்பர் வரை. அவர் போன பிறகு பவநகர் மகாராஜா வந்தார். நை நேராக டெல்லிக்கு வந்து பிரிட்டனின் தூதராக உட்கார்ந்தார்.

ஹைதராபாத் மவுண்ட்பேட்டனுக்குக் கடைசி வரை ஆகாத காரியம். 1947 நவம்பர் 29 அன்று நிஜாமோடு ஓராண்டுக்கு ‘உள்ளது உள்ளபடி’ ஒப்பந்தம் போட்டார்கள். நிஜாமின் ஆலோசகர் வால்டர் மாங்க்டன் இவருக்குப் பழைய நண்பர். இரண்டு ஆங்கிலேயர்கள் பேசி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை. ஜூனில் கிளம்புவதற்கு முன் டேராடூனில் உடல்நலம் தேறிக்கொண்டிருந்த படேலைப் போய்ப் பார்த்து, நிஜாமுக்கு மிகவும் சலுகை காட்டிய ஒரு வரைவுக்குச் சம்மதம் வாங்கினார். படேலுக்குப் பிடிக்காத வரைவு. விடைபெற வந்த மனிதருக்காக ஒத்துக்கொண்டார். நிஜாம் அதையும் தள்ளினார். செப்டம்பர் 13 அன்று நம் படை உள்ளே போனது, ஐந்து நாளில் முடிந்தது. மவுண்ட்பேட்டன் இருந்திருந்தால் இந்தப் படையெடுப்பு நடந்திருக்குமா? பாதுகாப்புக் குழுத் தலைவராக அவர் எதிர்த்திருப்பார். ஆனால் தடுத்திருக்க முடியாது. ஜூனாகத்தை நவம்பரில் எடுத்தபோதும் ஐ.நா. போகலாம் என்றவரை படேல் கேட்கவில்லை.

16. எல்லைக்கோட்டு வரைபடம் ஆகஸ்ட் 15க்கு முன்னாடியே ரெடியா இருந்தும் ஒளிச்சு வச்சாராமே? பெரோஸ்பூரை மாத்தினது உண்மையா?

இது இந்தப் பக்கத்திலேயே சிக்கலான கேள்வி, அதனால் கடைசியில் வைத்தேன். எல்லைக் கமிஷன்களின் தலைவர், பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் ஜூலை 8 அன்று வந்து ஐந்து வாரத்தில் கோட்டைப் போட்டு முடித்தார். ஆகஸ்ட் 13 வாக்கில் தீர்ப்புகள் தயார். வெளியானது 17. நடுவில் வைத்திருந்தது மவுண்ட்பேட்டன். கொண்டாட்டம் கெட வேண்டாம், பழி பிரிட்டிஷ் ஆட்சியின் தலையில் விழ வேண்டாம் என்பதுதான் கணக்கு. விளைவு, முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் ஏறி, மூன்றாம் நாள் இரண்டும் மாறின. எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே லட்சக்கணக்கானோருக்குச் சுதந்திரம் விடிந்தது. 5ஆம் பதிலில் அவசரம் தேவையில்லை என்று சொன்னதற்கு இதுதான் காரணம்.

பெரோஸ்பூருக்கு ஒரு தாள் இருக்கிறது. ஆகஸ்ட் 8 அன்று வைஸ்ராயின் செயலாளர் பஞ்சாப் ஆளுநர் அலுவலகத்துக்கு அனுப்பிய வரைபடக் குறிப்பில் பெரோஸ்பூர், ஜிரா தாலுகாக்கள் பாகிஸ்தான் பக்கம். வெளியான தீர்ப்பில் இந்தியப் பக்கம். ராட்கிளிஃபிடம் செயலாளராக இருந்த கிறிஸ்டோபர் பியூமாண்ட், மவுண்ட்பேட்டன் கொடுத்த அழுத்தத்தால் மாறியது என்று 1992இல் வெளிப்படையாகச் சொன்னார். ராட்கிளிஃப் தன் தாள்களை அழித்துவிட்டார். கோடு மாறியது உறுதி. மாற்றியது யார் என்பதற்குப் பியூமாண்டின் வாக்குமூலம்தான் வலுவான சாட்சி, நான் அதை நம்புகிறேன். குர்தாஸ்பூர் விஷயத்தில் அப்படி ஒரு தாளும் இல்லை, காஷ்மீருக்குச் சாலை கிடைக்கத்தான் அதை இந்தியாவுக்குக் கொடுத்தார்கள் என்பது பாகிஸ்தான் தரப்பின் அனுமானம்.

இந்தச் சம்பவம் சுதந்திரத்துக்கு முந்தைய வைஸ்ராய்க் கணக்கிலா, பிந்தைய கவர்னர் ஜெனரல் கணக்கிலா வரும் என்று ஒரு மாணவி மடக்கினார். கோடு மாறியது வைஸ்ராய்க் காலத்தில், தீர்ப்பு வெளியானது கவர்னர் ஜெனரல் காலத்தில். தேர்வில் தேதி கேட்டால் ஆகஸ்ட் 17 என்று எழுதுங்கள்.